எதன் மேல் ஊற்றினார்கள்?

பட்டுக்குக் காஸ்டிக் ஆகாது, பருத்திக்கு ஆசிட் ஆகாது. இது தெரியாமல் காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையில் காலம் தள்ள முடியாது. பட்டுப்புழு தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் நூல் புரதம். பருத்திக் காய் வெடித்து வருவது செல்லுலோஸ். காஸ்டிக் சோடாவைக் கொதிக்கவிட்டு அதில் பட்டு நூலைப் போட்டால் சிறிது நேரத்தில் நூல் கரைந்து காணாமல் போகும். பருத்தி நூலை அளவாக அதே காஸ்டிக்கில் முக்கி எடுத்தாலோ பளபளப்பும் வலுவும் கூடும். நீர்த்த கந்தக அமிலத்தில் கதை தலைகீழ். பட்டு தாக்குப்பிடிக்கும், அலசாமல் காயவிட்ட பருத்தி விரல் பட்டாலே பொடியும்.

தென்னேரியில் ‘வாத்தியார்’ என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரைத்தான் குறிக்கும். நெசவாளர் வீட்டில் பிறந்து, காஞ்சிபுரத்தில் கல்லூரி முடித்து, அரசுப் பள்ளிகளில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவர் அவர். டீக்கடையில் யாராவது “ஆசிட்டுன்னா சும்மாவா, எல்லாத்தையும் அரிச்சித் தள்ளிடும்” என்று ஆரம்பித்தால் போதும், வாத்தியார் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்பார்: “எதுமேல ஊத்தினாங்க?” அடுத்தது, “எந்த ஆசிட்டு? தண்ணி எவ்ளோ?” இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் அவரிடம் அந்தப் பேச்சை நீட்டிக்க முடியாது. வகுப்பில் அவர் பிள்ளைகளைக் கேட்டதும் இவற்றைத்தான். ஆனால் அவர் இந்தக் கேள்விகளைக் கற்றுக்கொண்டது வகுப்பில் அல்ல.

வாலாஜாபாத்துக்கு அருகே, காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்றை ஒட்டியிருக்கும் ஊர் தென்னேரி. வெளியே நெல், வீட்டுக்குள் தறி என்று அறுபதுகளில் இருந்த தெரு அவருடையது. அப்பா குழித்தறியில் இறங்கி உட்காருவார். அம்மா ராட்டினத்தில் ஊடை சுற்றுவார். விடிகாலையில் தெருநீளத்துக்குப் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்கள். நூலும் ஜரிகையும் காஞ்சிபுரத்திலிருந்து வரும், நெய்த சேலை அங்கேயே திரும்பிப் போகும். பள்ளிக்கு லீவு விட்டால் பையனும் அதே வழியில் காஞ்சிபுரம் போய்விடுவான். பிள்ளையார்பாளையத்தில் சித்தப்பாவுக்குச் சாயப்பட்டறை இருந்தது.

ஓடு வேய்ந்த கொட்டகை, விறகு அடுப்புகள், அவற்றின் மேல் செம்புக் கொப்பரைகள். கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டு கைக்கு முரடாக இருக்கும். புழு பூசிவிட்ட பசை அது. சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் அந்தப் பசையை நீக்கினால் நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். மிஞ்சுவதுதான் கடையில் தடவிப் பார்த்து மெச்சுகிற பட்டு. சோடா அளவு மிஞ்சினால் பசையோடு பட்டும் நோகும். சித்தப்பா கடிகாரம் பார்த்ததில்லை. சிட்டத்திலிருந்து ஓர் இழையை எடுத்து முறுக்கிப் பார்த்துவிட்டு “இறக்குடா” என்பார்.

பிறகு சாயம். சிட்டங்களை மூங்கில் கழிகளில் கோத்துக் கொப்பரையில் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் ஆள் நின்று திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு கட்டத்தில் சித்தப்பா அசிட்டிக் ஆசிட்டை ஊற்றுவார். பெரிய ஊறுகாய் ஜாடியைத் திறந்துவிட்டதுபோல் கொட்டகை முழுக்க ஒரு புளித்த நெடி ஏறும். அதுவரை தண்ணீர் அரக்காகவும் நூல் வெளிறியும் இருந்தது மாறி, தண்ணீர் வெளுக்க வெளுக்க நூல் அரக்காகும். பையன் கொப்பரையை விட்டு நகரமாட்டான். “ஆசிட்டு தள்ளுது, பட்டு இழுக்குது” என்பதுதான் சித்தப்பா சொன்ன விளக்கம்.

பிற்பாடு கல்லூரியில் படித்தபோது அது பெரிய அளவில் சரியாகவே இருந்தது. புளிப்பான நீரில் பட்டுப் புரதத்தின் அமினோ தொகுதிகள் நேர்மின்சுமை பெறுகின்றன, சாய மூலக்கூறுகள் எதிர்மின்சுமை கொண்டவை, இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அமிலத்தை அவசரப்பட்டு முதலிலேயே கொட்டிவிட்டால் நூலின் வெளிப்பக்கம் சாயத்தை அள்ளிக்கொண்டு, உள்பக்கம் பட்டினி கிடக்கும். சேலை திட்டுத் திட்டாக வரும். ஊற்றும் நேரத்தைத் தவறவிட்டதற்காகப் பட்டறையில் ஆட்கள் வசவு வாங்கியது அவருக்கு நினைவிருக்கிறது.

கடைசி அலசலில் இன்னொரு முறை கொஞ்சம் ஆசிட். இது நிறத்துக்காக அல்ல, சத்தத்துக்காக. அசிட்டிக், சிட்ரிக், டார்டாரிக் போன்ற மெல்லிய அமிலத்தில் அலசிக் காயவைத்த பட்டு, கையில் அழுத்தினால் சரசரக்கும். சோப்பில் மட்டும் அலசிய பட்டு வாய்திறக்காது. கல்யாணக் கூடத்தில் புதுப் புடவைகள் எழுப்பும் ஓசையில் ஒரு பங்கு சாயப்பட்டறைப் புளிப்புக்கும் உண்டு. எலுமிச்சம்பழமும் புளியும் செய்துகொண்டிருந்த வேலையைப் பின்னாளில் பிளாஸ்டிக் கேன்களில் வந்த ஆசிட் எடுத்துக்கொண்டது.

அப்படியானால் ஆசிட் பட்டுக்கு நண்பனா? அதற்கும் வாத்தியார் ‘எந்த ஆசிட்’ என்றுதான் கேட்பார். நைட்ரிக் அமிலம் பட்டில் பட்டால் மஞ்சளாகும். தோலும் நகமும் மஞ்சளாவது போலவேதான், எல்லாமே புரதம். அந்தக் கறை சோப்புக்குப் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். 1771-ல் பீட்டர் வுல்ஃப் என்ற வேதியியலாளர் அவுரி நீலத்தை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்தபோது, பட்டைப் பளிச்சென்ற மஞ்சளாக்கும் ஒரு பொருள் கிடைத்தது. பிக்ரிக் அமிலம் என்று பின்னால் பெயர் பெற்ற அது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாயக்காரர்களின் சரக்கு. பிறகுதான் அது வெடிக்கும் என்பதைப் படைகள் கவனித்தன.

பிக்ரிக் அமிலத்தைப் பீரங்கிக் குண்டில் அடைத்தபோது வந்த சிக்கல் வாத்தியாருக்கு மிகவும் பிடித்த பாடம். அமிலம் அல்லவா, குண்டின் உலோகத்தையே அரித்து உலோகப் பிக்ரேட்டுகளை உண்டாக்கியது. அவை மூல அமிலத்தைவிட எளிதில் வெடிப்பவை. ஓர் அதிர்ச்சியே போதும். ஆகவே அமிலம் உலோகத்தைத் தொடாதபடி குண்டின் உட்புறத்தில் பூச்சுப் பூச வேண்டியிருந்தது. 1917 டிசம்பர் 6-ம் தேதி கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடித்து ஊரின் ஒரு பகுதியையே தரைமட்டமாக்கிய மோன் பிளாங்க் கப்பலில் பெரும்பகுதி சரக்கு இந்தச் சாயப்பொருள்தான்.

பருத்தியின் துன்பம் இவ்வளவு நாடகத்தோடு வருவதில்லை. தெருவில் லாரி ஓட்டிய ஒருவர் பேட்டரியைத் தூக்கி வைத்த நாளில் வேட்டி நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் துவைத்துப் பிழிந்தபோது சல்லடையானது. பேட்டரியில் இருப்பது நீர்த்த கந்தக அமிலம். தெறித்த துளியிலிருந்து தண்ணீர் ஆவியாகிவிடும், அமிலம் ஆவியாகாது. துளி காயக் காயக் கடுமை ஏறி, செல்லுலோஸ் சங்கிலிகளைக் கண்ணுக்குத் தெரியாமல் துண்டாக்கிவிடும். துணி தன் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த துவைப்புக்காகக் காத்திருக்கும். உடனே தண்ணீரில் அலசிச் சோடாவில் முக்கியிருந்தால் வேட்டி பிழைத்திருக்கும்.

இதே கந்தக அமிலம் பருத்திக்கு ஒரு நாகரிகத்தையும் கொடுத்தது என்றால் தெருக்காரர்கள் நம்பமாட்டார்கள். மெல்லிய பருத்தித் துணியைக் கடுமையான கந்தக அமிலத்தில் சில விநாடிகள் மட்டும் ஓட்டி, உடனே அலசிவிட்டால், இழைகளின் மேற்பரப்பு மட்டும் கூழாகி இறுகும். துணி கண்ணாடித்தனமும் விறைப்பும் பெறும். கஞ்சி போடாமலே நிற்கும் ஆர்கண்டி அப்படி வந்தது. ஸ்விட்சர்லாந்தின் ஆலைகள் இந்த முறையில் பேர்போனவை. சில விநாடிகள் ஆர்கண்டி. சில மணி நேரம் சல்லடை.

ஜரிகை வேறு உலகம். சிவப்புப் பட்டிழையின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் தங்கமுலாம் ஏற்றினால் ஜரிகை. வெள்ளியோடு செம்பும் சேர்ந்திருக்கும். பெரும்பகுதி சூரத்திலிருந்து வந்தது. காஞ்சிபுரத்திலேயே தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் 1971-ல் தொடங்கப்பட்டது. சேலை கிழிந்தாலும் ஜரிகைக்கு விலை உண்டு. “பழைய பட்டுப்புடவை வாங்கறது!” என்று கூவிக்கொண்டு வருகிறவர்களின் கணக்கில் பட்டுக்கு மதிப்பில்லை, வெள்ளிக்குத்தான்.

அப்படி வாங்கப்பட்ட கரைகளும் முந்தானைகளும் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று, சித்தப்பாவின் பட்டறைக்குப் பின்சந்தில் இருந்த ஓர் ஆசாரி வீடு. “காத்து எந்தப் பக்கம் அடிக்குது பாரு தம்பி” என்று கேட்டுவிட்டுத்தான் அவர் வேலையைத் தொடங்குவார். முதலில் ஜரிகையை எரித்து, வெங்காரம் போட்டு உருக்கிக் கட்டியாக்குவார். அந்தக் கட்டியைத் தட்டி நறுக்கி, கண்ணாடிக் குடுவையில் நைட்ரிக் அமிலத்தில் போட்டதும் செம்பழுப்பு நிறத்தில் புகை கிளம்பும். நெஞ்சை அடைக்கும் அந்தப் புகைக்காகத்தான் காற்றின் திசை. கொஞ்ச நேரத்தில் வெள்ளியும் செம்பும் கரைந்து நீர் நீலப் பச்சையாகும். அடியில் கரும்பழுப்பாக ஒரு சிட்டிகைத் தூள் தங்கும். அதுதான் தங்கம். பளபளப்பே இல்லாத தங்கத்தைப் பையன் அங்கேதான் முதலில் பார்த்தான்.

கரைந்துபோன வெள்ளியைத் திரும்ப வரவழைக்க ஆசாரிக்கு இரண்டு வழிகள் இருந்தன. உப்புக் கரைசலை ஊற்றினால் வெள்ளி குளோரைடு வெள்ளையாகத் திரிந்து கீழே இறங்கும். அல்லது செம்புத் தகட்டை உள்ளே தொங்கவிட்டால், செம்பு கரைய, அதன் இடத்தில் வெள்ளி சாம்பல் நிறத்தில் படியும். ஆசாரியின் விரல் நுனிகள் எப்போதும் கறுத்தே இருந்தன. அந்தக் கறுப்புக்குக் காரணமான வெள்ளி நைட்ரேட், நாட்டில் வாக்களித்தவர்கள் எல்லோருக்கும் பழக்கம். 1962 பொதுத்தேர்தலிலிருந்து மைசூர் பெயிண்ட்ஸ் நிறுவனம் தயாரித்துத் தரும் அழியா மையில் இருப்பது அதுதான். தோலின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டுக் கறுக்கிறது. தேர்தல் வேலைக்குப் போன ஒவ்வொரு முறையும் வாத்தியார் சக ஊழியர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறார். வரிசை நீளுகிறது என்று அவர்கள் அவசரப்படுத்தியும் இருக்கிறார்கள்.

தங்கத்தையும் கரைக்க வேண்டுமானால் ஒரு பங்கு நைட்ரிக்குக்கு மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் சேர்த்த இராஜ திராவகம் வேண்டும். தனித்தனியே தங்கத்தைத் தொட முடியாத இரண்டும் சேர்ந்தால் தொட்டுவிடுகின்றன: ஒன்று தங்கத்திலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கிறது, மற்றது பறிகொடுத்த அணுவைக் குளோரைடால் கட்டி இழுத்துப் போகிறது. வேடிக்கை என்னவென்றால், இராஜ திராவகத்தில் வெள்ளி சரியாகக் கரையாது. மேலே வெள்ளி குளோரைடு படிந்து, அந்தப் படிவே உள்ளிருப்பதைக் காப்பாற்றிவிடும். ஆகவேதான் ஆசாரி வெள்ளியை முதலில் பிரித்தார்.

1940 ஏப்ரலில் ஜெர்மன் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, நீல்ஸ் போரின் ஆய்வுக்கூடத்தில் இருந்த வேதியியலாளர் ஜார்ஜ் டி ஹெவெசி, மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் என்ற இருவரின் நோபல் தங்கப் பதக்கங்களையும் இராஜ திராவகத்தில் கரைத்து அலமாரியில் வைத்துவிட்டார். மற்றக் குடுவைகளோடு நின்ற அந்தக் குடுவையை யாரும் சீண்டவில்லை. போர் முடிந்து தங்கம் மீட்கப்பட்டு, பதக்கங்கள் மறுபடி வார்க்கப்பட்டன. இந்தக் கதையை நடத்தும் வகுப்பில் மட்டும் கடைசி பெஞ்சும் அமைதியாக இருந்ததாக வாத்தியாரின் பழைய மாணவர்கள் சொல்கிறார்கள்.

ஆசிட் வாங்குவதும் இப்போது அன்றுபோல் இல்லை. ஆசாரி காலத்தில் பையனைக் கடைக்கு அனுப்பி வாங்கிவரச் சொல்லலாம். பெண்கள் மீதான திராவக வீச்சுகளைத் தொடர்ந்து 2013 பிப்ரவரியில் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவு சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலை 18-ல், அத்தகைய வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில், சில்லறை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் அடையாள அட்டை, முகவரி, காரணம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது. ஜரிகையைச் சோதிக்கவும் இப்போது அமிலம் தேவையில்லை. எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியில் வைத்தால், நூலில் ஒரு சுரண்டல்கூட இல்லாமல், தங்கம் வெள்ளி செம்பு விகிதம் திரையில் வந்துவிடும். அடகுக் கடைகளில் மட்டும் உரைகல்லும் சொட்டு ஆசிட்டும் இன்னும் ஓய்வுபெறவில்லை. கல்லில் இழுத்த கோட்டின் மேல் துளி விட்டால் செம்பு மிகுந்த கோடு அழியும், நல்ல தங்கம் நிற்கும்.

உலோகங்களில் அவர் வகுப்பை மலைக்கவைத்தது ஓர் இரும்பு ஆணி. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் பொங்கிக் கரையும் ஆணி, மிகச் செறிந்த நைட்ரிக் அமிலத்தில் சும்மா கிடக்கும். அமிலமே ஆணியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தை உண்டாக்கித் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறது. 1836-ல் ஷோன்பைனும் ஃபாரடேயும் கடிதம் எழுதி மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் இது. இதுபோன்ற படலங்களை நம்பித்தான் செறிந்த நைட்ரிக் அமிலம் அலுமினியத் தொட்டிகளிலும், செறிந்த கந்தக அமிலம் இரும்புத் தொட்டிகளிலும் பயணம் செய்கின்றன. தண்ணீர் கலந்துவிட்டால்தான் தொட்டிக்கு ஆபத்து. கந்தக அமிலத் தொழிலே ஒரு காலத்தில் ஈயத்தின் தயவில் நடந்தது. 1746-ல் பர்மிங்காமில் ஜான் ரோபக் கண்ணாடிக் குடுவைகளுக்குப் பதிலாக ஈய அறைகளைக் கட்டினார். ஈய சல்பேட் படிந்து ஈயத்தைக் காத்தது. அமிலம் மலிந்த பிறகே சூப்பர் பாஸ்பேட் உரம் சாத்தியமாயிற்று. காஞ்சிபுரத்துக்கு மேற்கே ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி 1906-ல் அதற்கு ஆலை வைத்தது.

உலோகத்துக்கு மேற்பூச்சே காவல் என்பதை அம்மாவின் சமையலறை ஆலை வைக்காமலே தெரிந்து வைத்திருந்தது. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு இறங்கும். அதனால்தான் “ஈயம் பூசறது!” என்று துருத்தியோடு வருகிறவருக்காகத் தெரு காத்திருந்தது. காய்ச்சிய பாத்திரத்தில் அவர் நவச்சாரத்தைத் தூவித் துடைப்பார். குப்பென்று எழும் வெண்புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டு. அது உலோகத்தின் மேல் இருக்கும் ஆக்சைடைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்ய, வெள்ளீயம் பளிச்சென்று ஒட்டிக்கொள்ளும். ரசத்துக்கென்று இருந்த ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான். புளிக்கு மசியாத அந்த உலோகம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் இருக்கும்வரை சூடு நூறைத் தாண்டாது. ரசம் வற்றினால் சொம்பும் இல்லை.

எண்பதுகளில் தெருவில் காரை வீடுகள் எழும்பியபோது, கடப்பாக்கல் மேடைகள் வந்தன. கறுத்து மின்னிய மேடையில் எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்த இடமெல்லாம் வெளிறிய வட்டங்கள். துடைத்தால் போகாது, ஏனெனில் அது அழுக்கல்ல, கல் கரைந்த தழும்பு. கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை. கிரானைட்டில் அந்தத் தொந்தரவு இல்லை. சைக்கிளில் ‘ஆசிட், பினாயில்’ விற்று வந்தவரிடம் வாங்கி மொசைக் தரையில் ஊற்றியவர்களின் வீட்டில் நுரை பொங்கிற்று. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். போனது சிமெண்டும் பளிங்குச் சில்லும். ஒரு வீட்டில் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் கொட்டிவிட, கிளம்பிய குளோரின் வாயுவில் மூச்சு முட்டி ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அதன்பின் தன் வகுப்புகளில் வாத்தியார் ஆண்டு தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுவதை வழக்கமாக்கினார்: இந்த இரண்டும் ஒரே வாளியில் சேரக் கூடாது.

பிள்ளைகளைக் காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துப் போவார். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கோயில். முகம் தேய்ந்த சிங்கங்களைப் பார்த்ததும் யாராவது ஒரு மாணவி “அமில மழையா சார்?” என்பாள். அவர் பதிலுக்குக் கேட்பது தெரிந்ததே. அடிவரிசை கிரானைட், மேலே மணற்கல். மணற்கல்லின் மணல் குவார்ட்ஸ். சாதாரண அமிலங்கள் அதை ஒன்றும் செய்யாது. ஈரமும் உப்பும் மாறி மாறி ஏறியிறங்கி, மணலைக் கட்டிவைத்திருக்கும் பிடிப்பைத் தளர்த்துவதே பெரிய சேதம். அமில மழைக்கு அஞ்ச வேண்டியவை சுண்ணாம்புச் சுதையும் பளிங்கும். தாஜ்மகாலைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை வாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 30-ல் தீர்ப்பளித்ததும் பளிங்கை முன்னிட்டுத்தான்.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் அவர் வேறொன்றைக் காட்டுவார். மண்ணிலிருந்து எடுத்த செப்புத் திருமேனிகளில் வெளிர்பச்சைப் பொடி பூத்தால் அது நோய். மண்ணின் உப்பிலிருந்து ஏறிய குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே பதுங்கியிருக்கும். ஈரக் காற்று பட்டதும் அங்கேயே ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். அது புதிய செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகும். யாரும் ஊற்றாத அமிலம். 1930-களில் இந்த அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் திருமேனிகளுக்குச் சிகிச்சை செய்தார். இந்திய அருங்காட்சியகங்களில் வேதியியல் பாதுகாப்பு வேரூன்றிய தொடக்க இடங்களில் அது ஒன்று.

மரத்தை அவர் கடைசியாகத்தான் நடத்துவார். செறிந்த கந்தக அமிலம் விழுந்தால் மரத்திலிருந்து நீரைப் பிடுங்கிக் கரியாக்கிவிடும். நைட்ரிக் மஞ்சளாக்கி நாராக்கிவிடும். ஆனால் மெல்லிய புளிப்பை இரும்பைவிட மரம் நன்றாகத் தாங்கும். சாயக்காரர்களும் தோல் பதனிடுபவர்களும் மரத்தொட்டி வைத்திருந்தது அதனால்தான். மரமும் இரும்பும் சேரும் இடத்தில்தான் வம்பு. பழைய தேர்க்கால்களில் போல்ட்டைச் சுற்றிக் கறுத்த வளையம் தெரியும். மரத்தின் டானின் இரும்போடு கூடிக் கறுக்கிறது. மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமிலம் போல்ட்டை அரிக்கிறது. கரைந்த இரும்பு பதிலுக்கு மரநாரைச் சிதைக்கிறது.

1628-ல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோமில் மூழ்கிய வாசா கப்பலின் கதை இதுவே, பெரிய அளவில். துறைமுகச் சேற்று நீரில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கிடந்தும் மரம் கெடவில்லை. 1961-ல் வெளியே எடுத்தார்கள். 2000-ல், ஈரப்பதம் மிகுந்த ஒரு கோடைக்குப் பிறகு, மரத்தின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக உப்புகள் பூத்தன. மாசுபட்ட நீரிலிருந்து மரத்துக்குள் ஏறியிருந்த கந்தகம், துருப்பிடித்த போல்ட்டுகளின் துணையோடு காற்றைப் பிடித்துக் கந்தக அமிலமாகிக்கொண்டிருந்தது.

காஞ்சிபுரத்துக் கோயில் குளத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்படும் மரத் திருமேனியான அத்தி வரதரை 1979-ல் இளைஞனாகப் பார்த்த வாத்தியார், 2019-ல் பேரன் பேத்திகளோடு மீண்டும் வரிசையில் நின்றார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அந்த ஊர் கொள்ளாத கூட்டம். “நாப்பது வருஷம் தண்ணிக்குள்ள இருந்தும் மரம் எப்படித் தாத்தா உளுக்கல?” என்று பேரன் கேட்டான். வரிசை அங்குலம் அங்குலமாக நகர, அவருக்கு வேண்டிய அவகாசம் கிடைத்தது. உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கும் கரையானுக்கும் காற்று வேண்டும். முழுக்க நீருக்குள் இருக்கும் மரத்துக்கு அவற்றால் தொல்லை இல்லை. நனைந்து நனைந்து காயும் மரம்தான் சீக்கிரம் போகும். வாசா கப்பலையும் சொன்னார். முன்னால் நின்ற ஒரு பெரியவர் திரும்பி, “பெருமாள் விஷயத்துல கப்பல் எதுக்கு சாமி?” என்றார். வாத்தியார் பேச்சை நிறுத்திக்கொண்டார், பேரன் நிறுத்தவில்லை.

சமீபத்தில் மருமகள் புதிதாக ப்ளைவுட் அலமாரி வாங்கி, மாமியாரின் கல்யாணப் புடவையை அதில் அடுக்கப் போனார். வாத்தியார் குறுக்கே நின்றார். மூடிய மர அலமாரிக்குள் மரமும் பசையும் விடும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவி தேங்கும். 1899-ல் லாஃப்டஸ் பைன் என்ற இங்கிலாந்துக்காரர் சோழிகளும் சங்குகளும் இழுப்பறைக்குள்ளேயே வெண்பொடியாய் உதிர்வதை எழுதிவைத்தார். காரணம் அலமாரியின் மரம்தான் என்பது பிற்பாடு தெளிவாயிற்று. அந்த ஆவி செம்பையும் சும்மா விடாது, ஜரிகையில் செம்பு இருக்கிறது. வியர்வையும் சென்ட்டும் பட்ட இடம் ஏற்கெனவே மங்கியிருக்கிறது.

“அப்போ இதுல என்னத்த மாமா வைக்கிறது?”

“புடவைய வெள்ளத்துணியில சுத்தி இரும்பு பீரோல வை. மடிப்ப அப்பப்போ மாத்திப் போடு. இதுல பசங்க புத்தகத்த வை.”

“காகிதத்துலயும் ஆசிட்டு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இருக்கு. மஞ்சளாகிப் பொடியா போக நாளாகும். பாடப் புத்தகம் ஒரு வருஷத்துக்குத்தானே” என்றார் வாத்தியார். புடவை பீரோவுக்குப் போயிற்று. ப்ளைவுட் அலமாரியில் இப்போது பத்தாம் வகுப்பு நோட்ஸ் அடுக்கியிருக்கிறது.